ரைஸ் வந்த வழி

மொழிப் பெருமை பேசும் மேடை எதுவானாலும் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும்: நம்முடைய அரிசிதான் கிரேக்கத்தில் 'ஒரைஸா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் 'ரைஸ்' ஆயிற்று. பள்ளிப் பேச்சுப் போட்டியிலும் இது ஒலிக்கிறது, பட்டிமன்றத்திலும் ஒலிக்கிறது. குறுவையும் சம்பாவும் தாளடியும் விளையும் நாகப்பட்டினம் பக்கத்து ஊர்களில் இதற்குக் கைதட்டல் கொஞ்சம் பலமாகவே விழும். நெல்லோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு. அந்தச் சொல் உண்மையில் எந்த வழியாக நடந்து போயிற்று என்று தேடுகிறவர்களுக்கோ, மேடையில் சொல்லப்படுவதைவிடப் பெரிய கதை ஒன்று கிடைக்கிறது. அதில் தமிழுக்கும் இடமிருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் இடமிருக்கிறது. மேடையில் காட்டப்படும் இடம் மட்டும் அதுவல்ல.

அரிசியையும் ஒரைஸாவையும் இணைத்துப் பேசி அந்தக் கருத்துக்குப் புகழ் தேடித் தந்தவர் ராபர்ட் கால்டுவெல். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் இருந்துகொண்டு அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. கிரேக்க நூல்களில் காணப்படும் இந்தியப் பொருள்களின் பெயர்களில் சிலவற்றுக்குத் தமிழில் வேர் தேடியபோது, ஒரைஸாவை அரிசியோடு சேர்த்தார். ஒலி பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. பழந்தமிழ்த் துறைமுகங்களுக்கு யவனர் கப்பல்கள் வந்ததும் வரலாற்றில் உறுதியான செய்தி. அன்று கிடைத்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான ஊகம்தான்.

சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து அந்த ஊகத்தை மறுத்த நூலுக்கும் காவிரிக் கரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆங்கிலேயர் இந்தியாவில் பழகிக்கொண்ட சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறப்பும் வரலாறும் எழுதிய 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற பேரகராதி 1886இல் வெளியானது. அதன் ஆசிரியர்கள் இருவர். ஒருவர் ஹென்றி யூல். மற்றவர் ஆர்தர் கோக் பர்னெல். இந்தப் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை 1874இல் நூலாக எழுதியவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளைப் பார்த்து முறைப்படுத்தி, 1880இல் அட்டவணை வெளியிட்டவர். அகராதி அச்சேறுவதற்கு முன்பே, 1882இல் இறந்துபோனார். மீதி வேலையை யூல் முடித்தார்.

தமிழ் தெரிந்த, தஞ்சையில் வாழ்ந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்த அகராதி, 'ரைஸ்' என்ற தலைப்பின்கீழ் அரிசியைப் பற்றிப் பேசாமல் போகவில்லை. கிரேக்கச் சொல்லை அரிசியிலிருந்து கொண்டுவரும் ஆசை வலுவானது என்று ஒத்துக்கொள்கிறது. நெல் சாகுபடியின் தொடக்க இடம் தென்னிந்தியாவாக இருந்திருக்கவும் கூடும் என்கிறது. அரபுச் சொல் வேண்டுமானால் திராவிடத்திலிருந்து நேராகப் போயிருக்கலாம் என்றும் இடம் விடுகிறது. அதற்குப் பிறகுதான் மறுப்பு வருகிறது: ஒரைஸாவுக்கு அந்த வழி பொருந்தாது. காரணம், காலம்.

ஒரைஸா என்ற சொல்லைக் கையாண்ட பழைய கிரேக்க ஆசிரியர் தியோபிராஸ்டஸ். அரிஸ்டாட்டிலின் மாணவர், தாவர இயலின் தந்தை என்று போற்றப்படுபவர். அவர் எழுதியது கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டிய காலம். அலெக்சாண்டர் சிந்து வெளிக்கு வந்தது கி.மு. 326. அவருடைய படையோடு வந்த அரிஸ்டோபுலஸ் நெல் வயலைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்ததை, பிற்காலத்து ஸ்டிராபோ எடுத்துத் தருகிறார். பாத்தி கட்டித் தேக்கிய நீருக்குள் அந்தப் பயிர் நிற்கும், நான்கு முழ உயரம் வளரும், கதிர்கள் நிறையப் பிடிக்கும் என்கிறது அந்தக் குறிப்பு. பாக்டிரியா, பாபிலோன், சூசா பகுதிகளிலும் இது விளைகிறது என்று சொல்கிறது. யவனக் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்துத் தமிழகத்துக்கு வரிசையாக வரத் தொடங்கியது அதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகள் பின்னால். ஆக, கிரேக்கர்கள் அந்தச் சொல்லைக் கற்றது தரைவழியில், வடமேற்கில்.

இன்னும் பழைய தடயமும் இருக்கிறது. நாடகாசிரியர் சோபோக்ளிஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிய டிரிப்டோலெமஸ் என்ற நாடகம் முழுதாகக் கிடைக்கவில்லை. அதில் 'ஒரிண்டெஸ்' என்றொரு ரொட்டி பேசப்பட்டதை மட்டும் பின்னால் வந்த அதீனியஸ் குறித்துவைத்திருக்கிறார். அது அரிசி ரொட்டிதான் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. இந்தச் சொல்லில் ஒரு மெல்லினம் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பாரசீகத்தில் இன்றும் அரிசிக்குப் 'பெரெஞ்ச்' என்றே பெயர். அங்கேயும் மெல்லினம். ஆப்கானிஸ்தானத்துப் பஷ்தோ மொழியின் சொல்லோ 'வ்ரிஜே' என்பது போல ஒலிக்கும். வடமொழியில் 'வ்ரீஹி'. இவை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரைஸாவுக்கு நெருங்கிய சொந்தம் இந்த ஈரானிய வரிசை என்பது விளங்கும்.

மொழியியலார் அதிகம் பேசாத இன்னொரு பொருத்தத்தையும் இங்கே வைக்கலாம். அரிசி என்பது பயிரின் பெயரே இல்லை. உமி நீக்கிய மணி எதுவானாலும் தமிழுக்கு அது அரிசி. வரகரிசி, சாமை அரிசி, மூங்கில் அரிசி, பார்லி அரிசி என்று சொல்கிறோம். ஏலக்காயின் விதை ஏலரிசி. மரவள்ளி மாவில் உருட்டியதைக்கூட ஜவ்வரிசி என்று சொல்லிவிட்டோம். வயலில் நிற்பது நெல். அலெக்சாண்டரின் ஆட்கள் பார்த்ததும் கேட்டதும் வயலில் நின்ற பயிர். தியோபிராஸ்டஸ் எழுதியதும் ஒரு செடியைப் பற்றி. மூட்டையில் வந்து இறங்கிய சரக்காக இருந்திருந்தால் அரிசி என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும். செடிக்குப் பெயர் கேட்டவர்களுக்கு ஒரு தமிழர் பதில் சொல்லியிருந்தால், நெல் என்றுதான் சொல்லியிருப்பார். வ்ரீஹியோ பயிருக்கும் பெயர்.

இத்தோடு தமிழின் பங்கு முடிந்ததா? இல்லை. வ்ரீஹி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இருக்கிறது. ரிக் வேதத்தில் அந்தச் சொல் இல்லை. அதர்வ வேதத்தில்தான் தலைகாட்டுகிறது. பஞ்சாபின் கோதுமை, பார்லி நிலத்திலிருந்து கிழக்கே நெல் நிலத்துக்கு நகர்ந்தபோது, அங்கே முன்பே இருந்தவர்களிடம் வடமொழி கற்றுக்கொண்ட சொல் அது என்று பலர் கருதுகிறார்கள். அந்த முன்னோர் யார் என்பதில்தான் வழக்கு. திராவிட மொழிகளை எடுத்துப் பார்த்தால் தெலுங்கில் நெற்பயிருக்கு 'வரி' என்று பெயர். கோண்டி மொழியில் 'வஞ்சி'. பிராங்க்ளின் சவுத்வொர்த் போன்ற அறிஞர்கள் இவற்றையும் நம் அரிசியையும் சேர்த்து, வகரத்தில் தொடங்கும் 'வரிஞ்சி' போன்ற ஒரு மூலச் சொல்லை மீட்டுருவாக்குகிறார்கள். சோபோக்ளிஸின் ரொட்டியிலும் பாரசீகப் பெரெஞ்சிலும் உள்ள அந்த மெல்லினம் இந்த மூலச் சொல்லிலும் இருப்பது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. இது ஏற்கப்பட்டால் அரிசி ரைஸுக்குத் தாய் ஆகாது, பங்காளி ஆகும். ஒரே மூதாதையின் இரண்டு கிளைகள்: ஒன்று தெற்கே இறங்கியது, ஒன்று வடமேற்கே ஏறியது.

பங்காளி உறவு குறைவானது அல்ல. உண்மையில் அதுதான் கனமான கூற்று. கப்பலில் ஏறிப் போன சொல் என்றால் அது இரண்டாயிரம் ஆண்டுக் கதை. மூலத் திராவிடத்திலிருந்து பிரிந்தது என்றால் அதைவிட மிகப் பழைய கதை. தமிழ் மண்ணின் சான்றுகளும் அந்தப் பழமைக்குத் துணை நிற்கின்றன. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஈமக் கல்லறைக்குள் ஒரு ஜாடியில் நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கரிமப் பகுப்பாய்வு சொன்னது. தாமிரபரணிக் கரையின் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லுமி கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. இறந்தவருக்கு வழித்துணையாக நெல் வைத்த மக்களிடம் நெல்லுக்குச் சொந்தமான சொற்கள் இருந்திருக்கும் என்பதில் ஐயம் எதற்கு?

கிரேக்கத்துக்குப் பிந்தைய பாதை எளிது. கிரேக்க ஒரைஸா லத்தீனில் அப்படியே புகுந்தது. இத்தாலியத்தில் 'ரீஸோ', பழைய பிரெஞ்சில் 'ரிஸ்', 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் 'ரைஸ்'. அரபியில் 'அர்-ருஸ்', அதை வாங்கி ஸ்பானியரும் போர்த்துகீசியரும் 'அரோஸ்' என்றனர். 1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டியபோது நெல்லுக்கு 'ஒரைஸா சட்டைவா' என்று எழுதினார். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கைகளில் இன்று அச்சாகும் பெயரும் அதுதான்.

ஆங்கிலேயர்கள் நெல் விளையும் நாடுகளுக்கு வந்து இறங்கியதும் அவர்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. அவர்கள் கையில் இருந்தது ரைஸ் என்ற ஒரே சொல். வயலில் நிற்பதும் ரைஸ், பத்தாயத்தில் கிடப்பதும் ரைஸ், இலையில் விழுவதும் ரைஸ். நெல்லை நம்பி வாழும் இனங்களுக்கு இது போதாது. தமிழுக்கு நெல், அரிசி, சோறு. மலாய் மொழிக்குப் 'பாடி', 'பெராஸ்', 'நாசி'. பிலிப்பைன்ஸின் தகலாகுக்குப் 'பாலாய்', 'பிகாஸ்', 'கானின்'. மூன்று மொழிகளும் ஒரே இடங்களில் கோடு கிழிக்கின்றன: உமி போகும்போது ஒரு பெயர் மாற்றம், உலையில் வெந்தபின் இன்னொன்று. வணிகக் கணக்கு எழுத வந்த வெள்ளையர்களுக்கு, உமியோடு இருக்கும் மூட்டையையும் உமி நீங்கிய மூட்டையையும் ஒரே பெயரால் எழுத முடியவில்லை. விலை வேறு, எடை வேறு. 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் மலாய்க்காரர்களின் பாடியை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் 'பேடி'. கன்னடத்தில் நெல்லுக்குப் 'பத்த' என்று பெயர். மேற்குக் கரையில் அதைக் கேட்டுப் 'பாட்டி' என்று எழுதிய ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். அந்தப் பழக்கமும் புதுச்சொல் ஊன்றத் துணைசெய்தது என்கிறது ஹாப்சன்-ஜாப்சன்.

நெல் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் போயிருக்க வேண்டிய இடத்தில் மலாய்ச் சொல் போய் அமர்ந்துவிட்டது. சோழ மண்டலக் கரைக்கு ஆங்கிலேயர் வருமுன்பே கீழைக் கடலில் அவர்கள் காது பழகியிருந்தது என்பதுதான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். வேறு எந்த ஊரும் வியக்கலாம், நாகப்பட்டினம் வியக்காது. மலாய்க் கடலோடு இந்த ஊருக்கு இருந்த உறவு ஆயிரம் ஆண்டுப் பழக்கம். ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான சூளாமணிவர்மன் தொடங்கி, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த பௌத்த விகாரம் இங்கேதான் நின்றது. முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006ஐ ஒட்டி, கீழ்வேளூர்ப் பக்கத்து ஆனைமங்கலத்தை அதற்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமயப் பள்ளிக்கான கொடை நிலமாக, கொடுத்தான். அந்தக் கொடையைப் பதிந்த செப்பேடுகள் டச்சுக்காரர் காலத்தில் கடல் கடந்து லைடன் நகரத்துக்குப் போனதால் லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. அந்த ஊரின் வருவாய் எதில் கணக்கிடப்பட்டிருக்கிறது? நெல்லில். சுமார் 97 வேலி நிலம், 8,900 கலத்துக்கும் மேற்பட்ட நெல். கலம், தூணி, குறுணி, நாழி என்று கடைசி மணிவரை அளந்து எழுதியிருக்கிறார்கள். பாடி விளைந்த நாட்டு அரசன் கட்டிய கோயிலுக்கு நெல் விளைந்த நாட்டு அரசன் படியளந்த ஆவணம் அது.

அந்தப் போக்குவரத்து அண்மைக்காலம்வரை நீடித்தது. 'ரஜூலா' கப்பலும் அதற்குப் பின் 'சிதம்பரம்' கப்பலும் சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் நின்று, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போயின. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணம் நின்றது. நாகூரிலிருந்தும் திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் அக்கரைக்குப் போனவர்கள் நாசியும் பெராஸும் பேசக் கற்றார்கள். அங்கே பழகிய காதுக்கு, தாலுகா அலுவலகத்தின் ஆங்கிலத் தாளில் 'பேடி' என்று இருப்பது எந்த ஊர்ச் சொல் என்று யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பாடி மலாய் என்றால், தமிழிலிருந்து நெல் சார்ந்த சொல் ஒன்றுமே போகவில்லையா என்ற ஏக்கம் எழலாம். போயிருக்கிறது, ஐயத்துக்கு இடமில்லாமல். அதுதான் கஞ்சி. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே வடிவம். போர்த்துகீசியர்கள் அதைக் கேட்டுக் 'கான்ஜா' ஆக்கினார்கள். கோவாவில் இருந்த மருத்துவர் கார்சியா ட ஓர்டா 1563இல் அச்சிட்ட நூலில் கஞ்சி நோயாளிகளின் உணவாக வருகிறது. ஆங்கிலத்தில் அது 'காஞ்சி' ஆயிற்று. பட்டாளத்துக் காவலறைக்குக் 'காஞ்சி ஹவுஸ்' என்று பெயர் விழுந்தது, உள்ளே போட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்றியதால். இன்று ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் சீனர்களின் அரிசிக்கூழுக்கு ஆங்கில உணவுப் பட்டியலில் உள்ள பெயர் இந்தச் சொல்தான். பிரேசிலில் கோழியும் அரிசியும் போட்டு வைக்கும் சூப்பு 'கான்ஜா'. நாகூரில் ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்கும் ரியோ நகரத்துக் கான்ஜாவுக்கும் பெயர் ஒன்று. அரிசிக்காக இல்லாத சான்றைத் தேடும் உழைப்பில் பாதியைக் கஞ்சிக்குக் கொடுத்தால், மறுக்க ஆளில்லாத பெருமை கைக்கு வரும். ஐரோப்பியச் சொற்களைத் தமிழில் தேடுகிற ஆர்வத்தில் இந்த எளிய சொல்லை மேடைகள் ஏறக்குறைய மறந்தே போயின. அது சரியல்ல.

வேறொரு சொல் சுற்றி வந்திருக்கிறது. கன்னடப் பத்தவிலிருந்து, போர்த்துகீசியர் வாய்வழியாக, 'பட்டா' என்றொரு சொல்லை ஆங்கிலேயர் பெற்றார்கள் என்று ஹாப்சன்-ஜாப்சன் எழுதுகிறது. வெளியூர் போகும் சிப்பாய்க்குச் சாப்பாட்டுச் செலவுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் அது. அந்தச் சொல் கம்பெனிப் படையிலிருந்து அரசு அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து தெருவுக்கு இறங்கி, இன்று வாடகை வண்டிக்காரர் கேட்கும் 'டிரைவர் பேட்டா'வாக நிற்கிறது.

அரிசியைப் போலவே பொதுப்பெயராக இருந்து சிறப்புப் பெயரும் ஆன 'கார்ன்' பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் சொல்லுக்கு இங்கிலாந்தில் தானியம் என்றே பொதுப்பொருள். அந்தந்த வட்டாரத்தின் முதன்மைப் பயிருக்கு அது பெயராகிவிடும்: இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ், அமெரிக்காவில் மக்காச்சோளம். ஆங்கில பைபிளின் பழைய மொழிபெயர்ப்பில் யோசேப்பின் சகோதரர்கள் எகிப்தில் வாங்கியது 'கார்ன்'. கொலம்பஸுக்கு முன் எகிப்தில் மக்காச்சோளம் கிடையாது. தமிழ் பைபிள் சரியாகத் 'தானியம்' என்றது. தமிழ் அரிசி எல்லா மணிகளுக்கும் பொதுவாக நின்றுகொண்டே நெல்லரிசிக்குச் சிறப்புப் பெயரானதும் இதே வழியில்தான்.

காவிரி டெல்டாவின் ஆங்கிலத்துக்குத் தனித்த இயல்பு ஒன்று உண்டு. இங்கே 'பாயில்டு ரைஸ்' என்றால் புழுங்கலரிசி. லண்டனில் அதையே கேட்டால் சோறு வரும். புழுங்கலுக்கு நூல் வழக்கில் 'பார்பாயில்' என்பார்கள். அந்தச் சொல்லும் வழியில் பொருள் மாறியது. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தபோது அதற்கு நன்றாக வேகவைத்தல் என்பது பொருள். முன்னால் உள்ள 'பார்' என்பதைப் 'பார்ட்', அதாவது பாதி, என்று ஆங்கிலேயர்கள் பிழையாகப் புரிந்துகொண்டதால் அரைவேக்காடு என்ற பொருள் நிலைத்தது. நெல்லை ஊறப்போட்டு, அவித்து, களத்தில் காயவைத்து, பிறகு அரைக்கும் வேலையை நம்மவர் புழுக்குதல் என்றனர். அவித்த நெல்லை அவர்கள் சோறென்று எந்நாளும் எண்ணியதில்லை. ஆங்கிலமும் தமிழும் இங்கே உரசிக்கொள்வதால், அரிசி ஆலையின் தாளைப் படிக்கும் வெளியூர் வணிகர்கள் இன்றும் ஒருமுறை நின்று கேட்கிறார்கள்.

இந்த வேறுபாடுகள் பணமாகும் இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். அரசாணையில் 'பேடி' என்று இருப்பது விவசாயி கொண்டுவரும் நெல். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஐப்பசி மழையில் குறுவை நெல் நனைந்து முளைக்கும்போது அந்த எண்ணைத் தளர்த்தச் சொல்லித்தான் டெல்டாவிலிருந்து ஆண்டுதோறும் கோரிக்கை போகிறது. அதே தாள்களில் 'ரைஸ்' என்று இருப்பது ஆலையிலிருந்து திரும்பி வரவேண்டிய அரிசி. 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசியானால் 67 கிலோ, புழுங்கலானால் 68 கிலோ என்பது ஆலைகளுக்கு விதித்த கணக்கு. மீதி உமி, தவிடு, குருணை. கோரிக்கை மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தருகிறவர்கள் நெல் என்று இருக்கும் இடத்தில் ரைஸ் என்று போட்டுவிட்டால் டன் கணக்கு மூன்றில் ஒரு பங்கு புரண்டுபோகும். நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறைக் கல்லூரிகளில் ஆங்கிலமும் தமிழும் படிக்கும் பிள்ளைகள் நாற்றங்கால் முதல் கொள்முதல் நிலையம்வரை வழங்கும் சொற்களை, கருக்காய், பதர், நொய், சிப்பம், தூற்றல், தாளடி என்று ஒவ்வொன்றாக, களத்தில் நிற்பவர்களிடம் கேட்டு, நேரான ஆங்கில விளக்கத்தோடு பதிவு செய்யத் தொடங்கலாம். பர்னெலும் யூலும் செய்தது வெள்ளையர் காதில் விழுந்த சொற்களின் பட்டியல். நெல்லை விளைவிக்கிறவர்களின் வாயிலிருந்து எடுக்கும் பட்டியலை, கையில் மண் ஒட்டிய குடும்பங்களின் பிள்ளைகளே இந்தத் தை அறுவடையின்போது தொடங்க முடியும்.